இருவரும் வேலைக்குப் போகிற வீடு: நாய்க்குட்டி எடுக்கலாமா?

மொட்டைமாடி:

வணக்கம். வீட்டில் நாங்கள் இருவர், ஒன்பது வயதில் ஒரு பையன். நான் காலை எட்டரைக்குக் கிளம்பினால் திரும்ப மாலை ஆறு. மனைவிக்கு வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்தே வேலை. மற்ற மூன்று நாள் அவரும் அலுவலகம். பையன் மூன்றரைக்கு வந்துவிடுவான். மூன்றாவது மாடி, லிஃப்ட் உண்டு, கீழே கொஞ்சம் புல்தரை.

தெரிந்தவர் வீட்டு நாய் குட்டி போட்டிருக்கிறது. கலப்பினம், தாய் 18 கிலோ இருக்கும். குட்டிகளுக்கு இப்போது ஐந்து வாரம். பால் மறந்துவிட்டன, இந்த வாரமே எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள்.

பையனுக்கு ஆசை, எங்களுக்கும்தான். ஆனால் ஆசைக்கு எடுத்துவிட்டு ஆறு மாதத்தில் யார் தலையிலாவது கட்டுகிற குடும்பமாக ஆகிவிடக் கூடாது. "அன்பு இருந்தால் போதும்" என்ற வகைப் பதில் வேண்டாம். எத்தனை மணி நேரம், எத்தனை ஊசி, எவ்வளவு சாப்பாடு, எங்கே சறுக்கும் என்று கணக்காகச் சொன்னால் நல்லது.

---

கால்தடம்:

ஐந்து வாரத்தில் எடுக்காதீர்கள். மற்றதெல்லாம் பிறகு.

பால் மறந்தாலும் எட்டு வாரம் முடியும்வரை குட்டி தாயோடும் உடன்பிறந்த குட்டிகளோடும் இருக்க வேண்டும். விளையாட்டில் ஒன்றையொன்று கடிக்கும். வலித்தால் கடிபட்டது கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடும். எவ்வளவு அழுத்தினால் வலிக்கும் என்பதைக் குட்டி கற்றுக்கொள்வது இந்த வாரங்களில்தான். அங்கே கற்காத குட்டி உங்கள் பையன் கையில் கற்கும்.

இந்த மூன்று வாரத்தை நீங்களும் பயன்படுத்திக்கொள்ளுங்கள். இரண்டு முறையாவது அந்த வீட்டுக்குப் போய்த் தாயைக் கவனியுங்கள். அந்நியர் வந்தால் ஒளிகிறதா, உறுமுகிறதா, வந்து மோந்து பார்க்கிறதா? பயந்த சுபாவம் ஓரளவு தாயிடமிருந்து குட்டிக்கு வரும். தாய்க்குத் தடுப்பூசி போட்டிருக்கிறார்களா, குட்டிகளுக்குக் குடற்புழு மருந்து எது, எந்தத் தேதியில் என்று எழுதி வாங்குங்கள். வாய்ச்சொல் போதாது, மருத்துவர் முதலில் கேட்பதே அந்தத் தேதிகளைத்தான்.

இப்போது உங்கள் நேரக்கணக்கு. வாரத்தில் மூன்று நாள், எட்டரை முதல் மூன்றரை வரை ஏழு மணி நேரம் வீடு காலி. குட்டி எத்தனை மாதமோ அதோடு ஒன்றைக் கூட்டினால் வருகிற மணி நேரம்தான் அது சிறுநீரை அடக்கக்கூடிய உச்ச எல்லை. இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணி. அதுவும் தூங்கினால்தான்; விழித்திருந்தால் ஒன்றரை, இரண்டு மணிக்கு மேல் தாங்காது. ஆகவே அந்த மூன்று நாளும் இடையில் இரண்டு முறை ஒரு பெரியவர் வந்து போக வேண்டும். ஐந்து, ஆறு மாதம் ஆனபின் ஒரு முறை போதும். வளர்ந்த நாயைக்கூட நான்கைந்து மணிக்கு மேல் தினமும் தனியே விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அந்த ஆள் யார் என்று இப்போதே பெயர் சொல்ல முடிகிறதா? "யாரையாவது பார்த்துக்கொள்ளலாம்" என்று இழுத்தால் குட்டி வேண்டாம். அப்போது இரண்டு, மூன்று வயது வளர்ந்த நாயைத் தத்தெடுப்பதைப் பற்றி யோசியுங்கள். அதன் உயரம், சுபாவம், குழந்தையோடு எப்படி, தனியே இருக்குமா எல்லாம் ஏற்கெனவே தெரிந்திருக்கும். குட்டியிடம் இருப்பது ஊகம் மட்டுமே. குட்டி என்றால்தான் ஒட்டும் என்பது வெறும் நம்பிக்கை. வளர்ந்த நாயும் சில மாதங்களில் வீட்டோடு ஒன்றிவிடும்.

பையனைப் பற்றி ஒன்று: ஒன்பது வயதுக்கு நாயின் பொறுப்பைக் கொடுக்க முடியாது, வேலைகளைக் கொடுக்கலாம். தண்ணீர்ப் பாத்திரம் கழுவி நிரப்புவது, ஐந்து நிமிடப் பயிற்சி. தின்னும்போதும் தூங்கும்போதும் தொடக் கூடாது, கட்டிப்பிடித்து முகத்தோடு முகம் வைக்கக் கூடாது என்ற விதிகளைக் குட்டி வருவதற்கு முன்பே பழக்குங்கள். மூன்றரைக்கு அவன் வரும்போது பெரியவர் யாரும் இல்லையென்றால் குட்டி தன் தடுப்புக்குள்ளேயே இருக்கட்டும்.

---

ஊசிக்குறிப்பு:

ஊசிக்கணக்கை மட்டும் சொல்கிறேன்.

நரம்புவரை தாக்கும் டிஸ்டெம்பர், குடலைத் தாக்கும் பார்வோ, கல்லீரலைத் தாக்கும் அடினோ வைரஸ் ஆகிய மூன்றுக்கும் எதிரான ஊசி எந்த நாய்க்கும் கட்டாயம். ஒரே ஊசியில் சேர்ந்தே வரும். எட்டாவது, பன்னிரண்டாவது, பதினாறாவது வாரங்களில் ஒவ்வொன்று. கடைசி ஊசி 16 வாரம் நிறைந்த பிறகு விழுவதுதான் முக்கியம். தாய்ப்பால் வழியாக வந்த எதிர்ப்புப் பொருள் குட்டியின் ரத்தத்தில் இருக்கும்வரை அது தடுப்பூசியையும் செயலிழக்கச் செய்துவிடும். எந்தக் குட்டியில் அது எந்த வாரம் வடியும் என்று வெளியிலிருந்து தெரியாது. அதனால்தான் திரும்பத் திரும்பப் போடுகிறோம். "ரெண்டு ஊசி போட்டாச்சு, போதும்" என்று பன்னிரண்டாவது வாரத்தோடு நிறுத்திய குட்டிகளுக்குப் பார்வோ வருவது இந்த இடைவெளியில்தான்.

அடுத்த பூஸ்டர், அதாவது மறு ஊசி, ஆறு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள். அதன்பின் இந்த மூன்றுக்கும் மூன்று ஆண்டுக்கு ஒரு முறை போதும் என்பதே இன்றைய வழிகாட்டுதல். எலிக்காய்ச்சல் எனப்படும் லெப்டோஸ்பைரோசிஸுக்கு அப்படி இல்லை: முதலில் இரண்டு ஊசி, இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில்; பிறகு ஆண்டுதோறும். ரேபிஸ் ஊசி பன்னிரண்டு வாரத்துக்குப் பிறகு, ஓராண்டில் மறு ஊசி, அதன்பின் மருந்தின் வகையையும் அந்தந்த நாட்டுச் சட்டத்தையும் பொறுத்து ஆண்டுக்கொரு முறையோ மூன்றாண்டுக்கொரு முறையோ.

குடற்புழு மருந்து தனிக்கணக்கு. உருண்டைப்புழு தாயின் வயிற்றிலேயே குட்டிக்குள் போய்விடும், பாலிலும் வரும். ஆகவே இரண்டு வார வயதிலிருந்து இரண்டு வாரத்துக்கொரு முறை, எட்டு வாரம்வரை. பிறகு ஆறு மாதம்வரை மாதம் ஒன்று. அதற்குமேல் மூன்று மாதத்துக்கொன்று. எடை பார்க்காமல் கொடுக்காதீர்கள். குட்டி வாராவாரம் ஏறும். போன மாத அளவு இந்த மாதம் பத்தாது. வீட்டில் குழந்தை இருப்பதால் இதில் தளர்வே வேண்டாம், இந்தப் புழுவின் முட்டை மனிதர் வயிற்றுக்குள் போனால் கண்ணைக்கூடப் பாதிக்கும்.

ஊசி போட்டபின் அரை மணி நேரம் மருத்துவமனையிலேயே இருங்கள். ஒரு நாள் சோர்வு, ஊசி இடத்தில் சிறு வீக்கம் சகஜம். முகம் வீங்கினாலோ, தொடர்ந்து வாந்தி எடுத்தாலோ உடனே உள்ளே தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

---

மொட்டைமாடி:

இருவருக்கும் நன்றி. எட்டு வாரம் வரை காத்திருப்பது முடிவு. நடுவில் வந்து பார்க்க மாமியார் ஒப்புக்கொண்டிருக்கிறார், அவர் இருப்பது அடுத்த தெரு.

ஒரு குழப்பம். பதினாறு வாரம் ஊசி முடியும்வரை வெளியே விடக் கூடாது என்கிறார்கள். அப்படியானால் இரண்டு மாதம் வீட்டுக்குள்ளேயே அடைத்து வைப்பதா?

---

ஊசிக்குறிப்பு:

தரையில் விடாதீர்கள், ஆனால் அடைத்தும் வைக்காதீர்கள்.

உலகத்தை "இது பயமில்லை" என்று குட்டி பதிந்துகொள்ளும் காலம் மூன்றாவது வாரத்தில் தொடங்கிப் பதினான்காவது வாரத்துக்குள் மூடிக்கொள்கிறது. பதினாறு வாரம் நான்கு சுவருக்குள் இருந்த நாய்க்குப் பார்வோ வராமல் போகலாம். ஆனால் குடை விரித்தால் நடுங்கும், தொப்பி போட்டவரைக் கண்டால் பாயும். பயத்தால் கடிக்கிற நாயைத்தான் பிற்பாடு வீடுகள் கைவிடுகின்றன.

எனவே முதல் ஊசி போட்டு ஒரு வாரம் கழித்துத் தொடங்கி, மடியிலோ பையிலோ தூக்கிக்கொண்டு போங்கள். லிஃப்ட், படிக்கட்டு, வண்டிச் சத்தம், குழந்தைகள், தாடி வைத்தவர், கைத்தடி ஊன்றியவர். ஒவ்வொன்றையும் தூரத்திலிருந்து காட்டி, காட்டும்போதே ஒரு துண்டு தின்பண்டம். வாலைக் கால்களுக்கிடையே செருகினாலோ, தின்பண்டத்தை வாங்க மறுத்தாலோ மிக அருகில் போய்விட்டீர்கள் என்று பொருள், பின்வாங்குங்கள். ஊசி முறையாகப் போட்ட, ஆரோக்கியமான வளர்ந்த நாய் இருக்கிற வீடுகளுக்குக் கூட்டிப்போகலாம். தெருநாய்கள் கழிக்கிற இடம், பூங்கா, கீழே உள்ள அந்தப் புல்தரை மூன்றும் இப்போதைக்கு வேண்டாம்.

காரணம், பார்வோ வைரஸ் மலத்தில் வெளியேறி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். சாதாரணத் தரைக் கழுவிகள் பல அதைக் கொல்லாது. வீட்டு ப்ளீச்சை ஒரு பங்குக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து, முதலில் அழுக்கைச் சோப்பால் கழுவிவிட்டு, பத்து நிமிடம் ஈரமாக நிற்க விட வேண்டும். அழுக்கின் மேலேயே ஊற்றினால் ப்ளீச் வீண். செருப்பை வாசலிலேயே விடுங்கள்.

குட்டி திடீரென்று சாப்பாட்டை ஒதுக்கி, வாந்தி எடுத்து, நாற்றமுள்ள ரத்தக் கழிச்சல் போனால் "நாளைக்குப் பார்ப்போம்" கிடையாது. அதே நாள், அதே மணி.

---

வெள்ளைவால்:

மாமியார் வர்றாங்கன்னா பாதிப் பிரச்சினை முடிஞ்சுது. மீதிப் பாதி, நாய்க்குத் தனியா இருக்கத் தெரியணும். அது தானா வராது, சொல்லிக்கொடுக்கணும். பெரும்பாலானவங்க செய்யறது: குட்டி வந்ததும் ஒரு வாரம் லீவு போட்டு இருபத்திநாலு மணி நேரமும் மடியிலேயே வச்சிருப்பாங்க, எட்டாவது நாள் கதவைச் சாத்திட்டு ஒன்பது மணி நேரம் போயிடுவாங்க. குட்டிக்கு அது இடி விழுந்த மாதிரி.

லீவு போடுங்க, ஆனா அந்த லீவையே பயிற்சிக்கு வைங்க. சமையலறைக்கோ ஹாலுக்கோ ஒரு மூலையில கம்பித் தடுப்பு. உள்ள படுக்கை, தண்ணி, கடிக்க ரப்பர் பொம்மை. கூண்டு வைக்கறதா இருந்தா அதுக்குள்ள நாய் நிமிர்ந்து நிக்கணும், திரும்பணும், காலை நீட்டிப் படுக்கணும். ரொம்பப் பெருசா இருந்தா ஒரு ஓரத்துல படுத்துட்டு மறு ஓரத்துல போயிடும். கூண்டு தண்டனைக்குன்னு ஒரு தடவைகூட பயன்படுத்தக் கூடாது.

முதல் நாள், குட்டி உள்ள பொம்மையோட மும்முரமா இருக்கும்போது நீங்க அறையை விட்டுப் பத்து விநாடி வெளிய போய் வாங்க. பேசாதீங்க, கொஞ்சாதீங்க. அது நிமிர்ந்துகூடப் பாக்கலைன்னா முப்பது விநாடி. அப்புறம் ஒரு நிமிஷம், மூணு, அஞ்சு, இடையில வேணும்னே ஒரு தடவை இருபது விநாடி. ஒவ்வொரு தடவையும் ஏத்திக்கிட்டே போனா அதுவும் கணக்குப் போட்டுக்கும். அறைக்கு வெளிய இருபது நிமிஷம் அமைதியா இருக்குன்னா வாசக்கதவு: சாவி எடுக்கறது, செருப்பு மாட்டறது, திரும்ப உட்காருறது. சாவிச் சத்தத்துக்கு அர்த்தமே இல்லாம ஆகணும். அப்புறம்தான் நிஜமா வெளிய போறது.

பழைய போன் ஒண்ணைக் கேமராவா வைங்க. நாய் குரைச்சுட்டுப் பத்து நிமிஷத்துல படுத்துட்டா அது சலிப்பு. இருபது, முப்பது நிமிஷமா மூச்சிரைச்சு, எச்சில் ஒழுகி, கதவைப் பிராண்டிட்டிருந்தா அது பீதி. பீதியில இருக்கற நாயை "அழுது பழகட்டும்"னு விட்டா கூடத்தான் செய்யும், குறையாது. பழைய நேரத்துக்குத் திரும்பி மறுபடி மெதுவா ஏத்தணும். ரொம்ப மோசம்னா மருந்தும் உண்டு, மருத்துவர்கிட்ட கேக்கலாம், அதுல வெட்கப்பட ஒண்ணுமில்ல.

கழிப்பிடப் பழக்கம் இதைவிட சுலபம். தூங்கி எழுந்த உடனே, சாப்பிட்ட பத்துப் பதினைஞ்சு நிமிஷத்துல, விளையாடி முடிச்ச உடனே, மத்தபடி விழிச்சிருக்கும்போது ஒரு மணிக்கு ஒரு தடவை. ஊசி முடியறவரைக்கும் பால்கனியில ஒரு தட்டுல புல்விரிப்பு, அப்புறம் கீழ. சரியான இடத்துல முடிச்ச அந்த நொடியே பரிசு. வீட்டுக்குள்ள வந்து குடுத்தா எதுக்குன்னு புரியாது. தப்பான இடத்துல போயிட்டா மூக்கைத் தேய்க்கறது, அடிக்கறது எதுவும் வேண்டாம். அது கத்துக்கறது "உங்க முன்னாடி போகக் கூடாது"ங்கற ஒண்ணைத்தான், அப்புறம் சோபாவுக்குப் பின்னாடி போகும். என்சைம் உள்ள கிளீனர் வச்சுத் துடைங்க. அமோனியா கலந்தது வேண்டாம், அதுக்கு அதுவே சிறுநீர் வாசம்.

மூணாவது மாடின்னு எழுதியிருக்கீங்க. பால்கனிக் கம்பி இடைவெளியில குட்டியோட தலை நுழைஞ்சா உடம்பும் நுழையும். வர்றதுக்கு முன்னாடி வலை அடிச்சிடுங்க.

---

தராசு:

சாப்பாட்டுக்கு வருகிறேன். கிண்ணத்தை நிரப்பி வைப்பது அளவல்ல. கணக்கு இருக்கிறது.

உடல் எடையைக் கிலோவில் எடுத்து, சாதாரணக் கால்குலேட்டரில் அதை அதனாலேயே பெருக்கி, மறுபடி அதே எடையால் பெருக்குங்கள். வர்க்கமூலப் பொத்தானை இரண்டு முறை அழுத்துங்கள். வருவதை 70-ஆல் பெருக்கினால் சும்மா படுத்திருக்கிற நாய்க்கு ஒரு நாளைக்குத் தேவையான கலோரி. நான்கு மாதத்துக்குட்பட்ட குட்டிக்கு அதைப்போல் மூன்று மடங்கு, அதன்பின் வளர்ச்சி முடியும்வரை இரண்டு மடங்கு, கருத்தடை செய்த வளர்ந்த நாய்க்கு 1.6 மடங்கு.

உதாரணம்: மூன்று மாதத்தில் 5 கிலோ குட்டி. 5×5×5 = 125; இரண்டு முறை வர்க்கமூலம் 3.34; எழுபதால் பெருக்க 234; மூன்று மடங்கு சுமார் 700 கலோரி. நீங்கள் வாங்கும் உலர் தீனி 100 கிராமில் 360 கலோரி என்றால் நாளைக்கு 195 கிராம், நான்கு வேளையாகப் பிரித்து. இதே குட்டி வளர்ந்து 15 கிலோவாகிக் கருத்தடையும் ஆனபின் சுமார் 850 கலோரி, அதாவது 235 கிராம். பாருங்கள், எடை மூன்று மடங்கு, தீனி ஐந்தில் ஒரு பங்குதான் கூடியிருக்கிறது. "வளர்ந்துடுச்சு, நிறையப் போடணும்" என்று எல்லோரும் சறுக்குகிற இடம் இது. நான்கு மாதத்துக்குமேல் மூன்று வேளை, ஆறு மாதத்துக்குமேல் இரண்டு வேளை.

கணக்கு தொடக்கம் மட்டும்தான். தீர்ப்பு விலா எலும்பில். கையை விரித்து விலாவின்மேல் லேசாக ஓட்டுங்கள். உங்கள் கையை மடக்கி விரல் கணுக்களைத் தடவினால் எலும்பு எப்படித் தட்டுப்படுகிறதோ அப்படி இருந்தால் இளைப்பு. உள்ளங்கையின் சதைப்பக்கம் போல எலும்பே தெரியாவிட்டால் கொழுப்பு. விரல்களை நேராக நீட்டிப் புறங்கையைத் தடவுகிற மாதிரி இருந்தால் சரி. இரண்டு வாரத்துக்கொருமுறை பார்த்துப் பத்து சதவீதம் ஏற்றுங்கள், இறக்குங்கள். பயிற்சிக்குத் தருகிற தின்பண்டம் நாளின் கலோரியில் பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது, அதையும் தீனியில் கழிக்க வேண்டும்.

வீட்டில் சமைத்துப் போடுவதை நான் தடுக்கவில்லை. ஆனால் வெறும் கறியும் தானியமும் போட்டு வளர்த்தால் கால்சியம் பற்றாது. வளரும் குட்டிக்குக் கால் எலும்பு வளையும், உடையும். அதற்குப் பயந்து தயார் தீனியின் மேல் கால்சியம் சொட்டு மருந்து சேர்ப்பது அடுத்த தவறு, அதிகக் கால்சியமும் பெரிய உருவக் குட்டிகளின் எலும்பைக் கெடுக்கும். சமைப்பதென்றால் விலங்கு ஊட்டச்சத்து தெரிந்தவர் எழுதிய அளவோடு மட்டும்.

வேண்டவே வேண்டாதவை: சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம், பூண்டு, வேகவைத்த எலும்பு, சைலிட்டால் என்ற இனிப்பூட்டி சேர்த்த சூயிங்கம்மும் சர்க்கரையில்லா இனிப்புகளும். இதில் சைலிட்டால் மிக மோசம், கிலோவுக்கு 0.1 கிராமே ரத்தச் சர்க்கரையைத் தரைமட்டமாக்கப் போதும். சில பற்பசைகளிலும் அது உண்டு, ஆகவே பல் தேய்க்க நாய்க்கான பசை மட்டும்.

---

கால்தடம்:

தராசு சொன்னதோடு: கருத்தடைக்குப் பின் கலோரித் தேவை கால் பங்குக்குக் கிட்டக் குறைந்துவிடும், பசியோ கூடும். "ஆபரேஷன் பண்ணினா குண்டாயிடும்" என்பதன் பின்னணி இதுதான்.

எப்போது செய்வது என்பதில் ஒரே விதி இல்லை. சிறிய உருவ நாய்க்கு ஆறு மாதம் ஒட்டி. பெரிய உருவத்துக்கு எலும்பு வளர்ச்சி முடிய ஒரு வயதுக்குமேல், முன்கூட்டியே செய்தால் மூட்டுக் கோளாறுகள் அதிகம். உங்கள் குட்டி இரண்டுக்கும் நடுவில் வரும். மருத்துவர் நேரில் பார்த்துச் சொல்லட்டும். பெண் குட்டியானால் தள்ளிக்கொண்டே போகாதீர்கள். கருத்தடை ஆகாத பெண் நாய்க்கு இனச்சேர்க்கைப் பருவம் (ஹீட்) முடிந்து நான்கு முதல் எட்டு வாரத்தில் கருப்பையில் சீழ் கட்டலாம். நிறையத் தண்ணீர் குடிக்கும், சோர்ந்து கிடக்கும், பின்புறம் கசிவு இருக்கும். சில சமயம் கசிவே இல்லாமல் உள்ளேயே தேங்கும், அது இன்னும் ஆபத்து. அறுவை முடிந்தபின் கழுத்துக் கூம்பைப் பத்து முதல் பதினான்கு நாள் கழற்றாமல் வைத்திருங்கள். பாவம் பார்த்துக் கழற்றிய ஓர் இரவில் தையலைப் பிரித்துவிடும்.

---

வெள்ளைவால்:

உண்ணி பத்தி யாரும் சொல்லலையே. காது மடிப்பு, விரலிடுக்கு, கழுத்துப் பட்டைக்கு அடியில, வால் அடி. தினமும் தடவிப் பாக்கணும். கண்டா நுனி மெல்லிசான இடுக்கியால தோலோட ஒட்டிப் பிடிச்சு நேரா இழுங்க. மண்ணெண்ணெய் ஊத்தறது, பத்த வைக்கறது எல்லாம் உண்ணியைக் கக்க வைக்கும், அது கக்கறது நாய் ரத்தத்துக்குள்ள. வெளுத்துப்போன ஈறு, காய்ச்சல், மூக்குல ரத்தம் மூணுல எது இருந்தாலும் ரத்தப் பரிசோதனை.

உண்ணிக்கான மாத்திரை, சொட்டு மருந்து ரெண்டுமே எடைக்கேத்த அளவு. வலிப்பு வந்த நாய்னா மாத்திரைக்கு முன்னாடி மருத்துவர்கிட்ட சொல்லிடணும். வீட்டுல பூனை இருந்தா பெர்மெத்ரின் கலந்த நாய் உண்ணி மருந்து பக்கத்துலயே வரக் கூடாது, பூனைக்கு அது விஷம். நாம சாப்பிடற பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென் எதையும் "கால் மாத்திரைதானே"ன்னு குடுக்காதீங்க.

---

பழைய கயிறு:

குட்டியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். மொட்டைமாடி கேட்டது முழு ஆயுளுக்கும். அந்த எடைக்குப் பன்னிரண்டு, பதினான்கு வருடம். உங்கள் பையன் கல்லூரியில் இருக்கும்போது அது கிழடாகியிருக்கும்.

முதல் மாதத்திலேயே ஒரு கோப்பு தொடங்குங்கள். ஊசி அட்டை, எடை, கொடுத்த மருந்து, ஒவ்வாமை, மருத்துவர் எண், இரவில் திறந்திருக்கும் மருத்துவமனை எது என்பது. தோலுக்கடியில் வைக்கிற மைக்ரோசிப் போட்டால் 15 இலக்க எண் அதில். சிப் இருக்குமிடம் காட்டாது. எடுத்தவர் ஸ்கேனரில் படித்தால் எண் மட்டும் வரும், அந்த எண்ணோடு உங்கள் தொலைபேசியைப் பதிவு செய்து, மாற்றும்போதெல்லாம் அங்கேயும் மாற்றினால்தான் பயன். கழுத்துப் பட்டையில் எண் எழுதிய தகடு அதைவிடச் சீக்கிரம் வேலை செய்யும். இரண்டும் இருக்கட்டும்.

அதே கோப்பில் ஒரு தாள்: நீங்கள் இருவரும் ஒரே நேரத்தில் படுத்துவிட்டால், வேலை மாறி வேறு நாட்டுக்குப் போக நேர்ந்தால் நாய் யாரிடம்? கேட்டு, சம்மதம் வாங்கி எழுதுங்கள். ஒருவர் போதாது, இருவர். கைவிடப்படுகிற நாய்களில் பல கொடுமைக்காரர் வீட்டிலிருந்து வருபவை அல்ல. இந்தத் தாள் இல்லாத நல்லவர் வீட்டிலிருந்து வருபவை. மருத்துவச் செலவுக்கு மாதாமாதம் ஒரு தொகையைத் தனியே ஒதுக்குங்கள், குட்டிக்காலத்தில் தொடாதீர்கள். வழக்கமான செலவு யாரையும் சாய்ப்பதில்லை. ஒரே இரவில் வருகிற அறுவைதான் சாய்க்கும்.

சுகமாக இருக்கும்போதே அதன் அளவுகளைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். ஆசனவாய் வெப்பநிலை 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். தூங்கும்போது மூச்சு நிமிடத்துக்கு முப்பதுக்குள். ஈற்றை விரலால் அழுத்தி எடுத்தால் இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். தண்ணீர் கிலோவுக்கு நாளொன்றுக்கு 50, 60 மில்லி. நூறைத் தாண்டினால் சிறுநீரகம், நீரிழிவு என்று பரிசோதிக்க வேண்டும். வெயிலில் வெப்பத்தாக்கு வந்து மூச்சிரைத்துத் தள்ளாடினால் முதலில் குளிரவைத்துவிட்டுப் பிறகு வண்டியில் ஏற்றுங்கள்: உடல் முழுக்கக் குழாய்த் தண்ணீர், கூடவே மின்விசிறி. ஈரத் துண்டைப் போர்த்தாதீர்கள், சூடு உள்ளேயே நிற்கும். 39.5-க்கு வந்ததும் நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் அளவுக்குமேல் இறங்கிவிடும்.

ஏழு வயதுக்குமேல் ஆண்டுக்கு இரண்டு பரிசோதனை, ரத்தமும் சிறுநீரும் சேர்த்து. சோபாவில் ஏறாமல் நின்று யோசிப்பது, எழும்போது பின்னங்கால் வழுக்குவது, தொட்டால் முறைப்பது இவற்றை வயசு என்று தள்ளாதீர்கள்; பெரும்பாலும் வலி, அதற்கு மருந்து இருக்கிறது. தரையில் வழுக்காத விரிப்பு போட்டாலே சில நாய்கள் மறுபடி நடக்கும்.

கடைசிக் காலத்துக்கு ஒரு முறை இருக்கிறது. வலி, பசி, நீர், சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா என்ற ஏழுக்கும் பத்துக்கு மதிப்பெண். மொத்தம் 35-க்குமேல் இருந்தால் தொடர்ந்து பார்க்கலாம். வீட்டில் ஒவ்வொருவரும் தனித்தனியே, வாரத்துக்கொரு முறை போடுங்கள். கண்ணெதிரே மெதுவாகச் சரிவது மனசுக்குத் தெரியாது, தாளில் தெரிந்துவிடும். கருணைக்கொலை முடிவை நள்ளிரவில் மூச்சுத் திணறும்போது எடுப்பதைவிட இப்படி எடுப்பது நாய்க்கு நல்லது.

---

மொட்டைமாடி:

எதிர்பார்த்ததைவிட அதிகம் கிடைத்தது. முதலிலிருந்து எல்லாவற்றையும் மனைவியும் மாமியாரும் படித்துவிட்டார்கள். அந்தத் தாளில் இரண்டு பெயர் எழுதியாகிவிட்டது. கடைசியாக ஒன்று: கூட்டி வரும் அன்றைக்கு என்ன செய்வது? காரில் ஒரு மணி நேரப் பயணம்.

---

வெள்ளைவால்:

இப்பவே ஒரு பழைய துண்டை அங்க குடுத்துத் தாயோட படுக்கையில போடச் சொல்லுங்க. வர்ற அன்னிக்கு அந்தத் துண்டோட தூக்கிட்டு வாங்க. கிளம்பறதுக்கு ரெண்டு, மூணு மணி முன்னாடி சாப்பாடு வேண்டாம், கார்ல வாந்தி எடுக்கும். மடியில வேண்டாம், பின்சீட்ல பெல்ட் போட்டுக் கட்டின கூண்டு. காலையில கூட்டி வாங்க, இருட்டறதுக்குள்ள வீட்டைப் பாத்துடும்.

முதல் வாரம் அங்க என்ன தின்னுச்சோ அதேதான். மாத்தணும்னா அப்புறம் ஏழு நாள்ல: கால் பங்கு புதுசு, ரெண்டு நாள் கழிச்சுப் பாதி, முக்கால், முழுசு. ராத்திரி உங்க கட்டில் பக்கத்துலயே கூண்டு, அழுதா கையை நீட்டினா மோந்து பாக்கற தூரத்துல. நடு ராத்திரி ஒரு தடவை, விடிகாலை ஒரு தடவை கழிப்பிடத்துக்கு எடுத்துட்டுப் போங்க, விளக்குப் போடாம, பேசாம. சொந்தக்காரங்க பாக்க வர்றதை நாலு நாள் தள்ளிப் போடுங்க. முதல் மூணு நாளுக்குள்ள மருத்துவர்கிட்ட ஒரு தடவை காட்டிடணும், போகும்போது அவங்க எழுதிக் குடுத்த குடற்புழு மருந்துத் தேதியை எடுத்துட்டுப் போங்க.